ஒட்டினா மட்டும் போதுமா, உரியவும் வேணாமா?

காரில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை பெயிண்டுக்குச் சேதமில்லாமல் எடுப்பது எப்படி என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் ரெண்டே வரியில் சொல்லிவிடுவார்கள். சூடு காட்டு, மெதுவா உரி, எண்ணெய் போட்டுத் துடை. அவ்வளவுதாங்க. ஆனா இந்த ரெண்டு வரிக்குப் பின்னால் நூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கு. அதில் பாஞ்சோ வாசிக்கிற ஒரு இளைஞர், நூறு டாலர் கடன் கொடுத்த ஒரு காதலி, குகைக்கு ஆள் பிடித்த ஒரு வியாபாரி, டேப் ஒட்டியதற்காக ஜெயிலுக்குப் போன ஒரு மனுஷன் எல்லாரும் வருகிறார்கள். பொறுமையாகப் படியுங்கள். செய்முறை கடைசியில் இருக்கு. அவசரக்காரர்கள் நேரா அங்கே தாவிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

பெயிண்ட் பட்டறையில் பிறந்த டேப்

1920களின் அமெரிக்காவுக்குப் போவோம். அதுவரைக்கும் காருக்கு பெயிண்ட் அடிப்பது என்றால் ஒரு தவம். பூச்சு மேல் பூச்சு, ஒவ்வொன்றும் காய நாள் கணக்கில் காத்திருக்கணும். அப்புறம் டூபாண்ட் கம்பெனிக்காரர்கள் சீக்கிரம் காயும் லாக்கர் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார் 1924 மாடலில் நீல நிறத்தில் பளபளவென்று வந்து நின்றது. அதோட, மேல ஒரு கலர், கீழ ஒரு கலர் என்று ரெட்டை நிறத்தில் கார் வைத்துக்கொள்வதும் ஃபேஷனாகிவிட்டது.

வாங்குகிறவனுக்கு ஃபேஷன், பெயிண்டருக்குத் தலைவலி. ஒரு கலர் அடித்து முடித்ததும் அதை மூடிவிட்டுத்தானே அடுத்த கலரை அடிக்கணும்? கசாப்புக் கடையில் கறி மடிக்கிற மாதிரிக் கெட்டித் தாளை எடுத்து, பசையாலோ காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியாலோ ஒட்டுவார்கள். அடித்து முடித்து தாளை உரித்தால் புதுசாய் அடித்த பெயிண்டும் கூடவே உரிஞ்சு வரும். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

1923ல் செயிண்ட் பால் நகரத்தில் அப்படி ஒரு பட்டறைக்குள் ஒரு இளைஞர் நுழைகிறார். பேர் ரிச்சர்ட் ட்ரூ. எஞ்சினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவர். நடனக் குழுவில் பாஞ்சோ வாசித்தவர். 3எம் கம்பெனியில் வேலை. அன்றைக்கு 3எம் என்றால் உப்புத்தாள் கம்பெனி, டேப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. புது ரக உப்புத்தாளை சோதித்துப் பார்க்கக் கொடுக்கப் போன இடத்தில், பெயிண்ட் உரிந்து வந்த ஆத்திரத்தில் பெயிண்டர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருப்பதைக் கேட்கிறார். "இதுக்கு நான் ஒரு வழி பண்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்.

வாக்குக் கொடுப்பது சுலபம். ரெண்டு வருஷம் ஆச்சு. நடுவில் கம்பெனி மேலதிகாரி வில்லியம் மெக்நைட், "இதை விட்டுட்டு உப்புத்தாள் வேலையைப் பார்" என்று சொல்லியும் பார்த்தார். ட்ரூ விடவில்லை. நூறு டாலருக்குக் கீழே உள்ள செலவுக்கு மேலிடத்தில் கேட்க வேண்டியதில்லை என்பதால், தேவைப்பட்ட மெஷினை நூறு டாலருக்குக் குறைவான பில்களாகப் பிரித்து வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. (நம்ம ஊர் ஆபீஸ்களிலும் இந்த வித்தை தெரிந்தவர்கள் நிறைய.) 1925ல் சுருக்கம் வைத்த தாளில் பசை தடவிய மாஸ்கிங் டேப் வந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு ஆச்சரியம். உலகத்தில் எல்லாரும் "இன்னும் பலமா ஒட்டணும்" என்று பசை தேடிக்கொண்டிருந்த காலம் அது. இந்த மனுஷன் தேடியது வேறு. ஒட்டணும், வேலை முடிந்ததும் கீழே இருக்கிற பெயிண்டுக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் வந்துடணும். அதாவது, கார் பெயிண்டைக் கெடுக்காமல் உரித்தெடுப்பது எப்படி என்று நாம் இன்றைக்குக் கேட்கிற கேள்விக்குப் பதிலாகத்தான் அந்த டேப்பே பிறந்தது. நாம ஒட்டவும் எடுக்கவும் பயன்படுத்துகிற சமாச்சாரங்களில் பாதி அந்த வம்சம்.

பேரிலேயே சத்தியம்

அடுத்தது ஸ்டிக்கர். அந்தக் காலத்து லேபிள் எல்லாம் தபால்தலை மாதிரி, நாக்கில் நனைத்து ஒட்டுவது. கடையில் பொருள் மேல் விலை ஒட்டினால், வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் உட்கார்ந்து சுரண்டணும். லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டான்டன் ஏவரி என்ற இளைஞர் 1935ல் இதுக்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார். பின்னால் பசை, அதுக்குப் பின்னால் ஒரு தாள். தாளை உரி, ஒட்டு. வேண்டாம்னா எடு.

முதலீடு நூறு டாலர். கொடுத்தது, பின்னாளில் அவர் மனைவியான டோரதி டர்ஃபீ. மெஷின், பழைய மோட்டாரும் தையல் மெஷின் பாகங்களும் சேர்த்து அவரே கட்டியது. கம்பெனிக்கு வைத்த பேரைப் பாருங்க: கம் க்ளீன் ப்ராடக்ட்ஸ். "சுத்தமா வந்துடும்" என்பதுதான் பேர்! ஒட்டும் என்று பெருமையடிக்கவில்லை, உரியும் என்று பெருமையடித்தார். அந்தக் கம்பெனிதான் வளர்ந்து, 1990ல் இன்னொரு கம்பெனியோடு இணைந்து, இன்றைக்கு ஏவரி டென்னிசன் என்ற பேரில் இருக்கிறது. கார் முழுக்க ஒட்டுகிற வினைல் செய்யும் பெரிய கம்பெனிகளில் அதுவும் ஒன்று.

அப்ப பிரச்சினை எங்கே ஆரம்பிச்சுது?

கேட்காமல் ஒட்டியவர்கள்

மிசௌரி மாநிலத்தில் மெராமெக் குகை என்று ஒரு சுற்றுலா இடம். 66ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் போகிறவர்களை இழுக்க அதன் முதலாளி லெஸ்டர் டில் செய்யாத வித்தை இல்லை. அதில் ஒன்று: மக்கள் குகைக்குள் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வெளியே பையன்கள் நிறுத்தி வைத்த கார்களின் பம்பரில் எல்லாம் குகையின் விளம்பர அட்டையைக் கட்டிவிடுவார்கள். ஆரம்பத்தில் ஸ்டிக்கர் கிடையாது, கம்பியாலோ சணலாலோ கட்டுகிற அட்டைதான். வெளியே வந்த குடும்பம், தங்களுக்கே தெரியாமல் அந்தக் குகைக்கு விளம்பரம் செய்துகொண்டு அடுத்த மாநிலம் வரைக்கும் போகும். சம்பளம் வாங்காத வேலைக்காரர்கள்.

அட்டை மழையில் நனையும், கம்பி அறுந்து விழும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு கன்சாஸ் சிட்டியைச் சேர்ந்த ஃபாரஸ்ட் கில் என்ற ஸ்க்ரீன் பிரிண்டர் அதையும் தீர்த்துவைத்தார். பின்னால் பசையுள்ள தாளில், போர்க்காலத்தில் புழக்கத்துக்கு வந்த ஒளிரும் மையால் அச்சடித்து பம்பர் ஸ்டிக்கர் போட்டார். 1946 வாக்கில் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் வாடிக்கையாளர்கள் சுற்றுலாத் தலங்கள். 1952 அதிபர் தேர்தலில் ஐசன்ஹோவர், ஸ்டீவன்சன் பேரெல்லாம் பம்பரில் ஏறிவிட்டது. அப்புறம் தாள் போய் வினைல் வந்தது. மழைக்கும் வெயிலுக்கும் அசையாது.

கவனிச்சீங்களா? ட்ரூவும் ஏவரியும் "சுத்தமா வந்துடணும்" என்று ஆரம்பித்ததை இவர்கள் "வரவே கூடாது" என்று திருப்பிவிட்டார்கள். காரணம் லேசானது. மாஸ்கிங் டேப்பில், ஒட்டுகிறவனும் உரிக்கிறவனும் ஒரே ஆள். தான் அடித்த பெயிண்ட், அதனால் கவலைப்படுவான். பம்பர் ஸ்டிக்கரில் ஒட்டுகிறவன் ஒருத்தன், உரிக்கிறவன் வேறொருத்தன். அடுத்தவன் பெயிண்ட் போனா எனக்கென்ன?

டேப் ஒட்டி ஜெயிலுக்குப் போனவர்

கார் மேல் இருக்கிற எழுத்து யார் பேச்சு? இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து நம்பர் பிளேட்டில் "சுதந்திரமாய் வாழ், இல்லையேல் செத்துப் போ" என்கிற பொருளில் மாநிலத்தின் வாசகம் இருக்கும். அதை மறைப்பது குற்றம் என்று சட்டம். கிளேர்மான்ட் என்ற ஊரில் ஜார்ஜ் மேனார்ட் என்பவர் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். அந்த வாசகம் தன் நம்பிக்கைக்கு ஒத்துவராது என்று அதன் மேல் டேப்பை ஒட்டி மறைத்தார்.

1974 நவம்பரில் போலீஸ் பிடித்தது. அபராதம். டிசம்பரில் மறுபடியும். கட்ட மாட்டேன் என்றார். பதினைந்து நாள் ஜெயில். வெளியே வந்து வழக்குப் போட்டார். 1977ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. தலைமை நீதிபதி பர்கர் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: ஒருத்தருடைய சொந்த வண்டியை அரசாங்கம் தன் கருத்துக்கு நடமாடும் விளம்பரப் பலகையாகப் பயன்படுத்தச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

கார் பெயிண்டை மறைக்கப் பிறந்த டேப்பின் வாரிசை வைத்தே ஒரு மனுஷன் தன் மேல் ஒட்டப்பட்ட வார்த்தையை மறைத்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

நம்ம ஊருக்கு வருவோம்

இவ்வளவும் எதுக்குத் தேடிப் படித்தேன் என்றால், மூணு வருஷம் முன்னால் நான் செகண்ட் ஹேண்டில் ஒரு மாருதி வாங்கினேன். வண்டி நல்ல வண்டி. ஆனா பின்பக்கக் கண்ணாடி முழுக்க ஒரு தலைவர் படம், ரெண்டு பக்கமும் சிங்கம், கீழே ஒரு சாதிச் சங்கத்தின் பேர். பானெட்டில் அதே பேர் பெரிய எழுத்தில். எந்தச் சங்கம்னு சொல்ல மாட்டேன், எதுவா இருந்தாலும் கதை இதேதான்.

பேர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்துகொண்டிருந்த ரெண்டு மூணு வாரம் வண்டி அப்படியேதான் ஓடியது. ஒரு நாள் திருமங்கலம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நமக்கு எந்த ஊரு?" என்றார். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. அதே வாரம் ஒரு காதுகுத்துக்கு வேறொரு கிராமத்துக்குப் போனோம். மந்தையில் உட்கார்ந்திருந்தவர்கள் வண்டியின் முதுகைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். யாரும் ஒண்ணும் சொல்லலை. மாமாதான் ஓடி வந்து காதோடு, "மாப்ள, வண்டிய கொட்டாய்க்குள்ள விட்டுரு. வெளிய நிக்க வேணாம்" என்றார்.

ஒரே ஸ்டிக்கர்தாங்க. ஒரு இடத்தில் ஓசி டீ, இன்னொரு இடத்தில் ஒளிச்சு வைக்க வேண்டிய வண்டி. ரெண்டு இடத்திலும் நான் வாயே திறக்கலை. மந்தையில் வந்த பயம் எதிர்பார்த்ததுதான். அந்த ஓசி டீதான் எனக்கு ரொம்ப நாள் தொண்டையில் நின்றது. என் சாதி என்னன்னு தெரிஞ்சிருந்தா அந்தக் கை நீண்டிருக்குமா?

வண்டியில் எழுத்து ஒட்டுவதைக் கட்டுப்படுத்த அரசாங்கமும் அப்பப்ப கிளம்பும். சென்னையில் 2024 மே 2 முதல் வண்டிகளில் போலீஸ், பிரஸ், அரசுத் துறைகள், கட்சிகள் என்று ஒட்டிக்கொள்வதற்கு எதிராகப் போக்குவரத்துக் காவல்துறை நடவடிக்கை எடுக்கப்போவதாக அறிவித்தது. உத்தரப் பிரதேசத்தில் 2025 செப்டம்பரில், அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பையடுத்து, வண்டிகளில் சாதிப் பேர் எழுதுவதற்கு எதிராக உத்தரவு வந்தது. அதுக்கும் முன்னால் 2012 ஏப்ரல் 27ல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிக் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டபோது ஊரெங்கும் ரோட்டோரத்திலேயே ஃபிலிமை உரித்தது நினைவிருக்கும். நின்ற இடத்தில் நகத்தாலும் பிளேடாலும் சுரண்டினால், பின்கண்ணாடியில் பனி போக்கும் சூட்டுக் கம்பிக் கோடுகள் உள்ள வண்டிகளில் அந்தக் கோடும் சேர்ந்து போய்விடும்.

சட்டம் எடு என்று சொல்லும், எப்படி எடுக்கணும்னு சொல்லாது. அதுக்குப் பட்டறைக்குத்தான் போகணும்.

பட்டறைப் பாடம்

மதுரையில் எனக்குத் தெரிந்த டிங்கரிங் பட்டறையில் வயசான ஒரு பெயிண்டர் இருக்கிறார். பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வெயில்ல வெந்து கெடக்கு சார். பிளேடு வச்சீங்கன்னா பெயிண்டும் சேந்து வரும்."

"அப்ப என்னண்ணே பண்றது?"

"பலாப்பழம் அறுக்கும்போது கையில என்ன தடவுவீங்க? அதான்."

எனக்கு அந்த இடத்தில் மொத்த விஞ்ஞானமும் விளங்கிவிட்டது. பழைய ரக ஸ்டிக்கர் பசை, ரப்பரும் பிசினும் கலந்தது. பலாப்பால் மாதிரிதான். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் இன்னும் இழுவிக்கொள்ளும், எண்ணெய் தடவினால் தானா விட்டுக்கொடுக்கும். இன்றைக்குப் பல ஸ்டிக்கரில் அக்ரிலிக் பசை வருகிறது. அது வெயிலுக்குச் சட்டுனு கெடாது. ஆனா ரெண்டுக்குமே ஒரு குணம் பொது: பாதி திடம், பாதி பாகு. வெல்லப்பாகை மெதுவா இழுத்தா நூலா நீளும், வெடுக்குன்னு இழுத்தா உடையும் இல்லையா? அதே மாதிரிதான். சூடானா இளகும். வெடுக்குன்னு இழுத்தா அந்த விசை முழுக்க அடியிலிருக்கிற பெயிண்டுக்குப் போகும்.

அந்த பெயிண்ட் எவ்வளவு கனம் தெரியுமா? கம்பெனியில் அடித்து வருகிற கார் பெயிண்ட், எல்லாப் பூச்சும் சேர்த்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. மேலே பளபளக்கிற கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியைவிட மெலிசு. பிளேடு நழுவினா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

வினைல் ஏன் வருஷம் போகப் போகப் பொடிப்பொடியா உதிருது? அதை வளையும்படி வைக்கிற ஒரு எண்ணெய்ப் பொருள் உள்ளே கலந்திருக்கும். அது வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். மிச்சம் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால புது ஸ்டிக்கரை அஞ்சு நிமிஷத்தில் எடுக்கலாம், பத்து வருஷ ஸ்டிக்கருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசா வேணும்.

சரி, செய்முறை

1. முதலில் வண்டியை நல்லாக் கழுவிடுங்க. மண்ணோடு தேய்த்தால் அந்த மண்ணே உப்புத்தாள். நிழலில் நிறுத்தி வேலை பாருங்க.

2. தலைமுடி காய வைக்கிற ட்ரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே சூடு காட்டுங்க. கை வைத்தால் சுடணும், ஆனா எடுத்துக்கத் தோணக் கூடாது. அந்தப் பதம். பட்டறையில் வைத்திருக்கிற ஹீட் கன் பழகாத கையில் பெயிண்டையே பொரித்துவிடும்.

3. ஒரு மூலையை நகத்தாலோ பழைய ஏ.டி.எம். கார்டாலோ தூக்குங்க. கிளப்பி மேல் நோக்கி இழுக்காமல், தன் மேலேயே மடித்து, பரப்பை ஒட்டினாற்போல மெதுவா இழுங்க. முரண்டு பிடித்தால் மறுபடி சூடு.

4. பசை மிச்சம் நிற்கும். துணியில் கொஞ்சம் யூகலிப்டஸ் தைலம் நனைத்து அதன் மேல் அஞ்சு நிமிஷம் போட்டு வையுங்க. அப்புறம் பருத்தித் துணியால் உருட்டி எடுங்க. ஊட்டியில் 1840களில் விறகுக்காகக் கொண்டுவந்து நட்ட மரம், இன்றைக்கு நம்ம காரைத் துடைக்குது! தைலம் இல்லாவிட்டால் மண்ணெண்ணெய், டபிள்யூடி-40 எதுவும் சரி. (டபிள்யூடி-40 சான் டியேகோவில் 1953ல் ராக்கெட் துருப்பிடிக்காமல் இருக்கக் கண்டுபிடித்தது. ஸ்டிக்கர் எடுக்க வந்தது அப்புறம்.) எதுவானாலும் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்க.

5. தின்னர், நகப்பாலீஷ் ரிமூவர், ரெண்டும் பக்கத்திலேயே வரக் கூடாது. முக்கியமா, பட்டி பார்த்து மறு பெயிண்ட் அடித்த பேனலில் இவை பட்டால் பெயிண்ட் இளகிவிடும். அந்த மாதிரிப் பேனலில் சூடும் இழுப்பும்கூட இன்னும் நிதானமா இருக்கணும்.

6. கண்ணாடியில் பிளேடு வைக்கலாம், சோப்புத் தண்ணீர் விட்டு, படுக்க வைத்துத் தள்ளணும். ஆனா பின்கண்ணாடியில் கோடு கோடாக் கம்பி ஓடுகிற பக்கம் பிளேடு கூடவே கூடாது. வெளிப்பக்கம் ஒட்டியதா உள்பக்கம் ஒட்டியதா என்று முதலில் பார்த்துக்கங்க.

7. முடிந்ததும் ஷாம்பூ போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, ஒரு கை வாக்ஸ் போட்டுடுங்க.

ஒரு எச்சரிக்கை. முன்கண்ணாடியில் ரெண்டு ஸ்டிக்கரில் கை வைக்காதீங்க. ஒன்று ஃபாஸ்டேக். இன்னொன்று, உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடு வருகிற ஹாலோகிராம் ஸ்டிக்கர். அது உரித்தால் தானே கிழிந்து போகிற மாதிரி வேணும்னே செய்தது, விதியிலேயே அப்படித்தான் சொல்லியிருக்கு. வேற வண்டிக்கு மாற்றி ஒட்டக்கூடாது என்பதுதான் காரணம். ஏவரியின் "சுத்தமா வந்துடும்" லேபிளுக்கு நேர் எதிர்.

நிழல்

என் வண்டி விஷயத்தில் ஸ்டிக்கர் முழுசா வந்துவிட்டது. கண்ணாடி ஒரு மணி நேரம், பானெட் அரை நாள். ஒரு கீறல் இல்லை. பெயிண்டர் அண்ணன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, தள்ளி நின்று பார்க்கச் சொன்னார்.

பானெட்டில் அந்தப் பேர் அப்படியே இருந்தது!

ஸ்டிக்கர் இல்லை, பசை இல்லை, தடவினால் வழவழவென்று இருக்கு. ஆனா எழுத்து தெரியுது. என்னன்னா, சுத்தியிருந்த பெயிண்ட் இத்தனை வருஷம் வெயிலில் வெளுத்திருக்கு. எழுத்துக்கு அடியில் இருந்தது மட்டும் வெயிலே படாமல் புதுசு போல இருக்கு. இதை எண்ணெய் போட்டு எடுக்க முடியாது. அங்கே எடுக்க எதுவுமே இல்லையே.

"இதுக்கு என்னண்ணே வழி?"

"பாலீஷ் போட்டா சுத்தி வெளுத்தது கொஞ்சம் தெளியும். மிச்சத்த வெயில்தான் பாக்கணும். இனிமே எல்லா இடத்துலயும் ஒரே வெயிலுதான சார்? ரெண்டு கோடை போனா மங்கிரும்."

அவர் பாட்டுக்கு பெயிண்டைப் பற்றித்தான் சொன்னார். நான்தான் வேற எதையெல்லாமோ யோசித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பாலீஷ் ரெண்டு கை போட்டாச்சு. ரெண்டு கோடையும் தாண்டியாச்சு. நேரே பார்த்தால் இப்ப ஒண்ணும் தெரியாது. சாயங்கால வெயில் சாய்வா விழும்போது மட்டும், தெரிந்தவன் கண்ணுக்கு ஒரு எழுத்தின் வளைவு லேசாத் தட்டுப்படும். திருமங்கலம் பக்கம் இன்னமும் அதே கடையில்தான் டீ குடிக்கிறேன், காசு கொடுத்து.

பின்கண்ணாடி காலியாவே இருக்கு. புதுசா எதுவும் ஒட்டலை. உங்க வண்டியில் நீங்க ஒட்டாமலே வந்து சேர்ந்த ஸ்டிக்கர் ஏதாவது இருந்தால், எப்படி எடுத்தீங்கன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. எடுக்காமல் விட்டிருந்தால் ஏன்னும் சொல்லுங்க.